தலைமடையில் மோடம், கடைமடையில் டிவி

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவையாறு பக்கத்துப் பழைய தெருக்களில் வீடுகள் குறுக்கே 20 அடி இருந்தால், நீளவாட்டில் 100 அடிக்கும் போகும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, சமையலறை, கிணற்றடி, கொல்லை என்று ஒரே கோட்டில் நீண்டுகொண்டே இருக்கும். கேபிள்காரர் தெருக் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து, வாசல் நிலைக்கு மேலே ஒரு துளை போட்டு, ரேழியிலேயே மோடத்தை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் வேலை அதோடு முடிந்தது. வீட்டுக்காரர் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரேழியில் உட்கார்ந்தால் கைபேசியில் படம் பறக்கும். இரண்டாங்கட்டில் டிவி வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். கொல்லைப்புறக் கேமரா ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. உடனே எல்லோரும் செய்வது, 50 எம்பிபிஎஸ் வேகத்துக்கான பேக்கை 100 ஆக்குவது. மேட்டூரில் கூடுதலாகத் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தானாகத் தண்ணீர் வந்து சேரும் என்று நினைப்பது போலத்தான் இது. நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் எத்தனை கன அடி திறந்தும் தலைமடை வயல்தான் நிரம்பும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டு இணையத்திலும் முக்கால்வாசிப் புகாருக்குக் காரணம் வீட்டுக்குள் ஓடும் வாய்க்கால்தான். பேக்கை ஏற்றும் முன்னால் அதைச் சரி செய்யுங்கள்.

மோடத்திலிருந்து தொடங்குவோம். டிவி சேனல்கள் வருகிற அதே கோஆக்ஸ் ஒயரில், வேறு அலைவரிசையில், இணையமும் வருகிறது. அதைப் பிரித்தெடுத்துக் கணினிக்குப் புரிகிற வடிவத்தில் தருவது மட்டுமே மோடத்தின் வேலை. இதற்கான விதிமுறைக்கு டாக்சிஸ் என்று பெயர். முதல் பதிப்பு 1997-இல் வந்தது, 3.0 பதிப்பு 2006-இல், 3.1 பதிப்பு 2013-இல். மோடம் வாங்கும்போது 3.0-க்குக் கீழே எதையும் வாங்க வேண்டாம். வாங்கும் முன் கேபிள்காரரிடம் அந்த மாடல் அவர்கள் பக்கம் பதிவாகுமா என்று கேட்டுக்கொள்வது இன்னும் முக்கியம். பதிவாகாத மோடத்தில் லைட் எரியும், நெட் வராது.

அடுத்துச் சொல்லப்போவது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீட்டு இணைப்பில் மோடம் பொதுவாக ஒரே ஒரு கருவிக்குத்தான் ஐபி எனப்படும் இணைய முகவரி வாங்கித் தரும். இது தெரியாமல் கடைக்குப் போய் 5 போர்ட், அதாவது ஒயர் செருக ஐந்து துளை உள்ள நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றை வாங்கி, மோடத்தை அதில் செருகி, கணினி, டிவி, ஹோம் தியேட்டர் ஏவிஆர் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். முதலில் உயிர்ப்பித்த கருவிக்கு மட்டும் நெட் கிடைக்கும். மற்றவை வெறுங்கையோடு நிற்கும். சுவிட்ச் கெட்டுப்போகவில்லை. சுவிட்ச் என்பது ஒயரைப் பல கிளையாக்கும் பெட்டி. முகவரி பங்கிட அதற்குத் தெரியாது. பங்கிடும் வேலை ரூட்டருடையது. வெளியுலகத்துக்கு வீடு முழுவதையும் ஒரே முகவரியாகக் காட்டிவிட்டு, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரி கொடுத்து, யார் கேட்டது யாருக்குப் போக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. கல்லணை நிற்கிற இடம் அது. ஆகவே வரிசை மாறக்கூடாது: மோடம், அதன் பின் ரூட்டர், போர்ட் போதவில்லை என்றால் அதற்கும் பின்னால் சுவிட்ச்.

ரூட்டரின் முதுகில் ஐந்து துளைகள் இருக்கும். வீட்டுக் கருவிகளுக்கான ‘லேன்’ துளைகள் நான்கும் ஒரே நிறம், ஒன்று தனி நிறம். தனியாக இருப்பதில் ‘வேன்’ என்றோ ‘இன்டர்நெட்’ என்றோ எழுதியிருக்கும். மோடத்து ஒயர் அதில்தான் போக வேண்டும். மாற்றி லேன் துளையில் செருகினால் வைஃபை பெயர் தெரியும், பாஸ்வேர்டும் ஏற்கும், ஆனால் ‘இணையம் இல்லை’ என்று வரும்.

சரியாகச் செருகியும் வரவில்லை என்றால் மோடத்தின் ஞாபக சக்திதான் காரணமாக இருக்கும். கேபிள்காரர் இணைப்பு கொடுக்கும்போது தன் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்திருப்பார். ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே பதிந்த மேக் முகவரி என்று ஒன்று உண்டு. மோடம் அந்த லேப்டாப்பின் மேக் முகவரியைப் பிடித்துக்கொண்டு, புதிதாக வந்த ரூட்டரை ஏற்க மறுக்கும். மோடத்தின் மின்சாரத்தைப் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். ரூட்டரையும் அணையுங்கள். பிறகு மோடத்தை மட்டும் போட்டு, ‘ஆன்லைன்’ லைட் சிமிட்டாமல் நிலைத்து எரியும்வரை பொறுங்கள். இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் ஆகலாம். அதன் பின் ரூட்டர். அப்படியும் வராவிட்டால், ஆபரேட்டர் தன் பக்கத்திலேயே மேக்கைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். போன் போட்டு ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் எண்ணைச் சொன்னால் மாற்றித் தருவார்.

கோஆக்ஸ் பக்கத்துச் சங்கதிகள்

ஒரே ஒயரில் டிவிக்கும் இணையத்துக்கும் சிக்னல் வருவதால் வாசலிலேயே ஒரு ஸ்பிளிட்டர் மாட்டுவார்கள். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு கிளையிலும் ஏறக்குறைய 3.5 டெசிபல் இழப்பு. பாதிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சும். நான்காகப் பிரித்தால் 7 டெசிபல், அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் மீதி. அதனால் மோடத்துக்கு முதல் பிரிப்பிலேயே, இரண்டு வழி ஸ்பிளிட்டரில், ஒரு கிளையைத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். டிவிகளுக்கு எத்தனை கிளை வேண்டுமானாலும் மறுபக்கத்தில் பிரித்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும் கிளையைத் திறந்தபடி விடாமல் 75 ஓம் மூடி போடுங்கள்.

டிவி படம் புள்ளி புள்ளியாக வருகிறதென்று பூஸ்டர் மாட்டியிருப்பார்கள். பழைய பூஸ்டர்களில் பல ஒருவழிப் பாதைதான். சேனல் உள்ளே வரும். மோடம் வெளியே பேசுவதற்கு அதில் வழியில்லை. மோடம் பேசுவது 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்கும் தாழ்ந்த அலைவரிசையில். மோடத்துக்குப் போகும் பாதையில் பூஸ்டர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

இந்த வெளிப்பாதையை வடிகால் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளலாம். பாசன வாய்க்கால் ஒன்றிலிருந்து பல வயலுக்குப் பிரியும். வடிகாலில் பல வயல் தண்ணீரும் ஒன்றாய்ச் சேரும். தெருவில் எல்லா வீட்டு மோடங்களின் குரலும் ஒரே முனையில் போய்ச் சேர்வதால், ஒரு வீட்டில் கனெக்டர் தளர்ந்து உள்ளே புகும் இரைச்சல் தெரு முழுவதையும் கெடுக்கும். உங்கள் வீட்டுக் கனெக்டரை இறுக்குவது அண்டை வீட்டுக்கும் செய்கிற உபகாரம்.

அந்தக் கனெக்டரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆர்ஜி-6 வகைக் கோஆக்ஸ் ஒயரின் நடுக்கம்பி 1 மில்லிமீட்டர் தடிமன். அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன் மேல் அலுமினியத் தாள், அதற்கும் மேல் மெல்லிய கம்பிப் பின்னல், கடைசியில் கறுப்பு உறை. நுனியில் 6 மில்லிமீட்டருக்கு நடுக்கம்பி மட்டும் தெரியும்படி சீவ வேண்டும். அதற்குப் பின்னால் இன்னொரு 6 மில்லிமீட்டருக்குக் கறுப்பு உறையை மட்டும் எடுத்துவிட்டுப் பின்னலை முழுவதும் பின்பக்கம் மடித்துவிட வேண்டும். கனெக்டரை அழுத்தி ஏற்றினால் உள்ளே வெள்ளை நுரை விளிம்போடு சமமாக வந்து நிற்க வேண்டும். நடுக்கம்பி நட்டின் வாயைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தலைமுடி போன்ற ஒரே ஒரு பின்னல் கம்பி நடுக்கம்பியைத் தொட்டாலும் போச்சு. மோடம் மணிக்கு நாலு தடவை அறுந்து அறுந்து வரும். திருகி மாட்டும் கனெக்டர் வேண்டாம். கருவியால் அழுத்திப் பிடிக்கும் வகை, சில ரூபாய் கூடுதல், வருடக்கணக்கில் நிற்கும்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேதாரண்யம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: உப்புக் காற்று. வெளியே தெரியும் கனெக்டர் பச்சை பூத்துப்போகும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை உருகி, மழையில் அவிழ்ந்து, உள்ளே தண்ணீரைத் தேக்கிவைக்கும். சுற்றாமல் விட்டதைவிட மோசம். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும்.

மோடத்தின் உடல்நிலையை நீங்களே பார்க்கலாம். பெரும்பாலான கேபிள் மோடங்களில், பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் சிக்னல் பக்கம் திறக்கும். உள்வரும் சிக்னல் மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்று காட்டும் விகிதம் 33 டெசிபலுக்கு மேல் இருக்க வேண்டும். வெளிப்போகும் சக்தி 50-ஐ ஒட்டிப் போனால் மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம். நடுவில் எங்கோ ஸ்பிளிட்டரோ, துருப்பிடித்த கனெக்டரோ விழுங்குகிறது. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கேபிள்காரருக்கு அனுப்புங்கள். ‘நெட் ஸ்லோவா இருக்குண்ணே’ என்று சொல்வதற்கும் ‘வெளி சிக்னல் 51 காட்டுது, கம்பத்து ஜாயின்ட்டைப் பாருங்கண்ணே’ என்று சொல்வதற்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

பல ஊர்களில் கோஆக்ஸ் போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. அங்கே மோடத்தின் இடத்தில் ஓஎன்யு என்ற பெட்டி. மேலே சொன்ன ஸ்பிளிட்டர் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஒளியின் அளவு மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் எப்போது வேண்டுமானாலும் அறும். இழையை ஆணிக்கு ஆணி மடக்கக் கூடாது. வளைவு காபி டம்ளர் வாயைவிடச் சிறிதாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே ரூட்டரில் இணைப்பு வகையைப் பெரும்பாலும் பிபிபிஓஇ என்று வைத்து, ஆபரேட்டர் கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும் போட வேண்டியிருக்கும். கேபிள் மோடம் என்றால் ‘டைனமிக் ஐபி’ போதும். இதற்குப் பிறகு எல்லாமே இரண்டுக்கும் ஒன்றுதான்.

94-இல் நிற்கும் வேகம்

200 எம்பிபிஎஸ் பேக், ஒயரில் சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. இந்த 94 என்ற எண்ணைப் பார்த்தவுடன் ஆபரேட்டரைத் திட்டாமல் ரூட்டர் பெட்டியை எடுத்துப் பாருங்கள். மலிவான ரூட்டர்கள் பலவற்றில் வைஃபைக்கு 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். முதுகில் இருக்கும் துளைகளோ 100 எம்பிபிஎஸ் வகை. அதில் நிஜத்தில் கிடைப்பது 94, 95 தான். எல்லாத் துளையும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். சுவிட்சுக்கும் அதே விதி.

துளை கிகாபிட்டாக இருந்தும் 94 காட்டினால் ஒயரில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. லேன் ஒயரில் நான்கு ஜோடிக் கம்பிகள். 100-க்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் உயிரோடு இருக்க வேண்டும். எங்கோ ஒரு கம்பி போனால் இரு பக்கமும் பேசி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

ரேழியிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒயர் இழுப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. வைஃபையை நம்பி நான்கு சுவர் தாண்ட முயல்வதைவிட, ஒரே ஒரு நல்ல ஒயர் மேல். சுண்ணாம்புக் காரை பூசிய ஒன்றரை அடிச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை செத்துவிடும்.

கேட்-6 வகை லேன் ஒயர் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று பாருங்கள். அலுமினியத்தின் மேல் தாமிர முலாம் பூசிய ஒயர் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. ஒரு கம்பியின் மேல்தோலை நீக்கி, பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். நாலைந்து முறை மடக்கினால் ஒடியும். மின்தடை அதிகம் என்பதால், லேன் ஒயரிலேயே மின்சாரம் வாங்கும் கேமராவைக் கொல்லையில் மாட்டினால் இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிகிற நேரம் பார்த்து அணைந்து அணைந்து எரியும். நீளம் பற்றிக் கவலை வேண்டாம். 100 மீட்டர் வரை ஓடும், எவ்வளவு நீண்ட வீடும் அதற்குள் அடக்கம்.

முற்றம் உள்ள வீட்டில் தாழ்வார ஓட்டுச் சரிவுக்கு அடியில், உத்தரத்தை ஒட்டி, பிவிசி பைப்புக்குள் கொண்டுபோவது நல்ல வழி. பைப் இல்லாமல் விட்டால் எலியும் அணிலும் கடித்துவிடும். 20 மில்லிமீட்டர் பைப்பில் இரண்டு ஒயர் தாராளமாகப் போகும். கனெக்டர் அடித்த ஒயரை உள்ளே நுழைக்க முயலாதீர்கள். வெறும் ஒயரை முதலில் இழுத்துவிட்டு முனையைப் பிறகு அடியுங்கள். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்தே போட்டு வையுங்கள். அடுத்த ஒயருக்கு உதவும். கரண்டு ஒயரோடு ஒட்டிப் போகக் கூடாது, ஒரு அடி தள்ளியே இருக்கட்டும். குறுக்கே தாண்ட வேண்டிய இடத்தில் செங்குத்தாகத் தாண்டட்டும். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். ஒயர் நேராகத் துளைக்குள் போகாமல், துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விழுந்து மேலேறி நுழைய வேண்டும். ஐப்பசி அடைமழையில் ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், மோடத்துக்குள் இறங்காது.

முனை அடிப்பதில்தான் கண்ணுக்குத் தெரியாத தவறு நடக்கிறது. எட்டுக் கம்பியின் வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நான்காவதாக நீலம் ஏன் நடுவில் நுழைகிறது என்று தோன்றும். பலரும் வெள்ளை-ஆரஞ்சு ஆரஞ்சு, வெள்ளை-பச்சை பச்சை, வெள்ளை-நீலம் நீலம் என்று அழகாக அடுக்கி, இரு முனையிலும் அதையே அடித்துவிடுவார்கள். டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லா லைட்டும் வரிசையாக எரியும். ‘சரியாத்தானே சார் இருக்கு’ என்பார்கள். இல்லை. மூன்றாவது துளையும் ஆறாவது துளையும் ஒரு ஜோடி. அவை இரண்டிலும் ஒன்றோடொன்று முறுக்கிய கம்பிகள்தான் வர வேண்டும். முறுக்குத்தான் இரைச்சலை அடக்குகிறது. அழகு வரிசையில் ஒரு ஜோடியின் பாதியும் இன்னொரு ஜோடியின் பாதியும் கூட்டுச் சேர்ந்துவிடும். இரண்டு மீட்டர் ஒயரில் ஓடும். 25 மீட்டர் போனால் தடுமாறும், கிகாபிட் பிடிக்காது. மின்சாரம் போகிறதா என்று மட்டும் பார்க்கிற டெஸ்டர் இதைக் காட்டவே காட்டாது. முறுக்கைப் பிரிப்பதும் அரை அங்குலத்துக்கு மேல் கூடாது; வெளி உறை கனெக்டருக்குள் நுழைந்து, அதன் பிடி உறையைக் கவ்வ வேண்டும். கம்பிகள் மட்டும் உள்ளே போய் உறை வெளியே நின்றால், துடைப்பம் பட்டுப் பட்டே அறுந்துவிடும். அறுந்த இடத்தில் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றவும் வேண்டாம். சேர்ப்பதற்கென்றே இருக்கும் கப்ளரைப் போடுங்கள்.

இரண்டாவது ரூட்டர்

பின்கட்டுக்கு ஒயர் வந்த பிறகு, டிவி, கணினி, ஏவிஆர் போல நகராத கருவிகளை அதிலேயே மாட்டிவிடுங்கள். வைஃபை கைபேசிக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் இருக்கட்டும். அங்கே வைஃபை தர, பழைய ரூட்டர் ஒன்று பரணில் கிடந்தால் அதுவே போதும். செய்யும் வரிசைதான் முக்கியம். பழைய ரூட்டரைத் தனியாக ஒரு லேப்டாப்பில் மட்டும் இணையுங்கள். முதல் ரூட்டர் 192.168.1.1 என்றால், இதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். அது மறுபடி எழுந்ததும் புது முகவரியில் உள்ளே போய், வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கட்டில் உள்ளதைப் போலவே வையுங்கள். எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக, கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபி என்ற வசதியை அணையுங்கள். முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் வெளியே நிற்பீர்கள். பிறகு முன்கட்டிலிருந்து வந்த ஒயரை இதன் லேன் துளை ஒன்றில் செருகுங்கள், வேன் துளையில் அல்ல. புதிய ரூட்டர் என்றால் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற தேர்விலேயே இவ்வளவும் முடிந்துவிடும்.

டிஎச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் முகவரி தருபவர் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். யார் முந்திக்கொள்கிறாரோ அவர் சொன்னதே வேதம். அப்பா போனில் நெட் வரும், அக்கா போனில் வராது, மறுநாள் மாறி நடக்கும். இந்த மாதிரி ஆளுக்கொரு விதமாக நடந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். இன்னொரு விபத்து, ஒரே ஒயரின் இரு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிடுவது. செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, ஒரு நொடியில் வீடு முழுக்க நின்றுவிடும். சுவிட்சின் எல்லா லைட்டும் வெறிபிடித்தாற்போலச் சிமிட்டும்.

வைஃபைப் பெட்டியை வைக்க டெல்டா வீட்டில் முற்றம் ஒரு வரம். முற்றத்தைப் பார்த்த தாழ்வாரச் சுவரில், ஆறேழு அடி உயரத்தில், சாரல் படாத இடத்தில் மாட்டினால், அலை சுவரைக் குடையாமல் திறந்த வெளி வழியே எல்லாக் கட்டுக்கும் போகும். இரும்பு பீரோ மேலும், டிவிக்குப் பின்னாலும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. முன்கட்டில் 1 என்றால் பின்கட்டில் 6 அல்லது 11. சுவரில் செருகும் ரிப்பீட்டர் வாங்க வேண்டாம். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும்.

கொல்லைக் கேமரா விஷயம் தனி. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று முழுத் தரத்தில் 2 முதல் 4 எம்பிபிஎஸ் வெளியே அனுப்பும். நான்கு கேமராவை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஒன்றாகத் திறந்தால் 16 வரை போகும். கேபிள் இணைப்பில் வெளிப்போகும் வேகம் உள்வருவதைவிட மிகக் குறைவு. வடிகால் அடைபட்டால் வயலே கெடுகிற மாதிரி, வெளிப்பாதை நிரம்பினால் உள்வரவும் நிற்கும். ‘வந்து சேர்ந்தது’ என்கிற ஒப்புகைச் சீட்டு வெளியே போக முடியாமல் தவிப்பதுதான் காரணம். கேமராவில் வெளியே பார்ப்பதற்கென்று குறைந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூட்டரில் வேகத்துக்கு வரம்பு கட்டும் கியூஓஎஸ் வசதி இருந்தால் மேலேறும் வேகத்தை உள்ளதில் 85 சதவீதமாகக் கட்டுங்கள். வீடியோ அழைப்பு தெளிந்துவிடும். ரூட்டரின் வேன் முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், ஆபரேட்டர் பல வீடுகளை ஒரே முகவரிக்குள் வைத்திருக்கிறார். வெளியிலிருந்து நேராகக் கேமராவுக்கு வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பாருங்கள். எப்படிப் பார்த்தாலும் ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது மாற்றாமல் விட்ட கடவுச்சொற்கள் வழியாகத்தான்.

எங்கே பிழை என்று தெரியாதபோது தலைமடையிலிருந்து நடந்து வாருங்கள். மோடத்தில் நேராக லேப்டாப்பை ஒயரில் மாட்டிச் சோதனை, ஞாபகமாக மோடத்தை அணைத்துப் போட்டு. அடுத்து ரூட்டரின் லேன் துளையில். அடுத்து பின்கட்டு ஒயரின் முனையில். கடைசியாகத்தான் வைஃபை. எந்த இடத்தில் எண் விழுகிறதோ அந்தத் துண்டில்தான் அடைப்பு.

இடியும் கரண்டும்

மின்னல், கரண்டு ஒயர் வழியாக மட்டும் வருவதில்லை. கம்பத்திலிருந்து வரும் கோஆக்ஸின் கம்பிப் பின்னலும் அதற்கு நல்ல பாதை. அடாப்டரை மட்டும் பிடுங்கிவிட்டு ஒயரை விட்டுவைத்தால் மோடமும், அதோடு லேன் ஒயர் வழியே ரூட்டரும் டிவியும் போகும். ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிரவுண்ட் பிளாக் ஒன்றைப் போட்டு, வீட்டு எர்த்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். நேரடி இடியை அது தடுக்காது; தூரத்து மின்னலின் தூண்டலை இறக்கிவிடும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்றாலும், அதைத் தாங்கி வரும் எஃகுக் கம்பியை வாசலுக்கு வெளியிலேயே வெட்டிக் கட்டிவிட வேண்டும்.

இன்வெர்ட்டர் இருந்தும், கரண்டு மாறும் கண நேரத்தில் ரூட்டர் அணைந்து எழும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் அதைச் சரி செய்யும். மோடம், ரூட்டர் அடாப்டர்களில் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து, அதைவிட அதிகம் தருவதாக வாங்குங்கள். பெட்டிகள் இரண்டும் சேர்ந்து 12 வாட் இழுத்தால், 15 வாட்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்தை ஒட்டித் தாங்கும். ஆனால் கோஆக்ஸ் இணைப்பில் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் கரண்டு வேண்டும். அங்கே போனால் உங்கள் யுபிஎஸ் எரிந்தும் நெட் இல்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது கம்பங்களே சாய்ந்தன. அப்படிப்பட்ட நாளுக்கு வீட்டுக்குள் செய்கிற எந்த ஏற்பாடும் உதவாது.

இடி இறங்கும் சாயங்காலத்தில் எல்லாவற்றையும் பிடுங்கப்போவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அம்மாவோ பாட்டியோதான். காலையில் திரும்ப மாட்டுவதும் அவர்கள்தான். ஒவ்வொரு ஒயர் நுனியிலும், அது போக வேண்டிய துளைக்குப் பக்கத்திலும் ஒரே நிற நெயில்பாலிஷில் ஒரு பொட்டு வையுங்கள்: வேனுக்குச் சிவப்பு, பின்கட்டுக்குப் போகும் லேனுக்கு நீலம். மோடம் அடாப்டரில் 1, ரூட்டர் அடாப்டரில் 2 என்று எழுதி ஒட்டுங்கள். 1-ஐப் போட்டு ஆன்லைன் லைட் நிலைத்த பிறகு 2-ஐப் போட வேண்டும்.